கழுவாத கல்

21 ஜனவரி 1978, சனி. இத்தா பத்தாம் நாள்

இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, மறைந்த என் கணவரின் கல் வியாபாரப் பெட்டி திறக்கப்பட்டது. இருந்தவர்கள்: என் கணவரின் தம்பி ஸாலிஹ். பள்ளிவாசல் லெப்பை உதுமான். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மூஸா ஹாஜியார். திரைக்கு இந்தப் பக்கம் நானும் மகள் ஜீனத்தும். வேறு யாரும் இல்லை. பூனை ஒன்று வந்தது, போய்விட்டது.

பெட்டியில் இருந்தவை: கேரட் தராசு ஒன்று, அதன் எடைக்கற்கள், பூதக்கண்ணாடி ஒன்று, இடுக்கி இரண்டு, குறிப்பு நோட்டு ஒன்று, சொந்தச் சரக்காகச் சிறு கற்கள் ஒன்பது. எல்லாவற்றுக்கும் அடியில், தனியே மடித்த வெள்ளைக் காகிதத்தில் நீலக்கல் ஒன்று. காகிதத்தின் மேல் அவர்கள் கையெழுத்து: "அமானிதம். பேருவளை, மர்ஹூம் காதர் மனைவி ஸஃபிய்யா உம்மா. நீலம் ஒன்று. 7.20 கேரட்."

('அவர்கள்' என்று நான் எழுதுவது என் கணவரை. உயிரோடு இருந்தபோதும் பெயர் சொல்லவில்லை. இப்போது தொடங்கமாட்டேன். ஸாலிஹுக்கு அவர்கள் காக்கா, அதாவது அண்ணன்; நான் மச்சி.)

லெப்பை அதைச் சத்தமாக வாசித்தார். நம்பி ஒப்படைத்த பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேராமல், மண்ணுக்குள் போனவருக்கு நிம்மதி ஏது?

ஸாலிஹ் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி வெகுநேரம் நின்றார். "என்ன தம்பி, கல்லு ஏதும் பேசுதா?" என்று லெப்பை கேட்டபிறகுதான் திரும்பினார். நிறுத்தார். 7.20 சரியாக இருந்தது.

"மச்சி," என்றார் திரையைப் பார்த்து. "இது காக்காட கழுத்துல கெடக்குற கயிறு. உரியவங்களுக்குப் போய்ச் சேரணும். சாவி உங்கள்ட்டயே இருக்கட்டும்."

சாவி என்னிடம் இருக்கிறது, பெட்டி என் அறையில்.

23 ஜனவரி, திங்கள். பன்னிரண்டாம் நாள்

ஜீனத் பின்னொரு காலத்தில் வாசிக்கக்கூடும் என்பதால் இத்தாவின் ஒழுங்கை எழுதி வைக்கிறேன். கணவன் மவுத்தானால் மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள். வீட்டுப் படி தாண்டக்கூடாது. அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. கொழுந்தனும் அந்நியன்தான். நகை, சுர்மா, மருதாணி, வாசனை எதுவும் கூடாது. வெள்ளைத் துணி.

என் அறைக்கு ஜன்னல் ஒன்று. அதையும் சாத்திவிட்டார்கள், முடுக்கில் போகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க. வெளிச்சம் முற்றத்தில் மட்டும், அதுவும் பதினோரு மணிக்கு மேல். அறையிலிருந்து முற்றம் பதினான்கு எட்டு. முற்றத்திலிருந்து அடுப்படி ஒன்பது.

ஸாலிஹ் காலையில் மீன் கொண்டுவந்து முடுக்குக் கதவில் வைத்துவிட்டுப் போனார். விளமீன் நான்கு. இரண்டு ஆணம், இரண்டு பொரியல்.

பெட்டியில் கல் உரசாமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் பஞ்சு வைத்தேன்.

30 ஜனவரி, திங்கள். பத்தொன்பதாம் நாள்

மூஸா ஹாஜியாரின் பெண்சாதி ஹலீமா மாமி வந்தார். வாரம் இரண்டு முறை வருகிறார். ஆறுதலுக்கு என்று சொல்கிறார்; என் கண்ணில் சுர்மா இருக்கிறதா என்று பார்க்கவும்தான்.

உட்கார்ந்தவர் மூக்கை உயர்த்தினார். "என்ன புள்ள, இங்க வாசம் அடிக்கிது?"

"ஒண்ணுமில்லையே மாமி. சாம்பிராணி போட்டிருப்பா ஜீனத்து."

"சாம்பிராணி எனக்குத் தெரியாதா? இது அத்தரு. ஒம் மாப்புள பூசுற அத்தரு." சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சுபுஹானல்லாஹ்! நல்ல மைய்யித்துக்கு, மவுத்தான வீட்டுல, நாப்பது நாளு வாசம் நிக்கும்பாங்க. எங்க மாமியாருக்கு நின்னுச்சு. ஒம் மாப்புளைக்கும் நின்னுடுச்சு புள்ள!"

நான் மாமிக்கு வெற்றிலை எடுத்து வைத்தேன்.

பெட்டியை இன்றும் திறந்து கற்களை எண்ணினேன். ஒன்பதும் ஒன்றும் பத்து. சரியாக இருக்கிறது.

6 பிப்ரவரி, திங்கள்

எண்ணினேன். பத்து.

20 பிப்ரவரி, திங்கள். நாற்பதாம் நாள்

நாற்பதாம் பாத்திஹா. அவர்கள் உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுத்தோம். சட்டை ஏழு, சாரம் ஒன்பது, தொப்பி நான்கு, செருப்பு இரண்டு ஜோடி. அத்தர் குப்பி பாதிக்குமேல் இருந்தது. அதை லெப்பையிடம் கொடுக்கச் சொன்னேன். குப்பி இந்த வீட்டில் இல்லை.

ஹலீமா மாமி ஐந்து பெண்களை என் அறைக்கு அழைத்துவந்தார். ஐந்து பேரும் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்கள். ஒருத்தி அழுதாள். மாமி, "நான் சொன்னனா இல்லியா?" என்று கேட்டார், ஏதோ தானே காய்ச்சி வடித்ததுபோல.

பெண்கள் போனபிறகு ஜீனத் வாசலிலேயே நின்றாள். பதினைந்து வயது, பார்வை அப்படியே அவள் வாப்பாவுடையது.

"உம்மா, நாப்பது நாளு முடிஞ்சிடுச்சே. நாளைக்கும் வாசம் நிக்குமா?"

"போய் ஏனத்தக் கழுவு."

21 பிப்ரவரி, செவ்வாய்

பேருவளையிலிருந்து கடிதம். ஸஃபிய்யா உம்மா தாமே எழுதியிருக்கிறார். எழுத்து கோணல், ஆனால் அடித்தல் இல்லை.

"சகோதரி, உங்கள் செய்தி கேட்டு அழுதேன். நானும் இத்தா இருந்தவள். கல் விற்கவில்லையென்றால் கல்லாகவே அனுப்பிவிடுங்கள். அது என் மஹர். மாப்பிள்ளை நிக்காஹ் அன்று கையில் வைத்தது. மகள் கலியாணத்துக்காகத்தான் விற்கக் கொடுத்தேன். கொடுத்த நாளிலிருந்து தூக்கமில்லை. என் தம்பி ரியாஸ் மார்ச் பதினைந்தாம் தேதி அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் கொடுங்கள்."

மஹர்! மறுபடி வாசித்தேன். இத்தா முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதினைந்தாம் தேதியே அவர்கள் கழுத்துக் கயிறு அவிழும்.

23 பிப்ரவரி, வியாழன். நாற்பத்து மூன்றாம் நாள்

அவர்கள் நோட்டைப் பார்த்தேன். கையில் வந்து போன ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு எடை எழுதியிருக்கிறார்கள்: காற்றில் ஒன்று, தண்ணீருக்குள் ஒன்று. 'தண்ணி எடை போடாமல் கல் வாங்காதே, கொடுக்காதே' என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஸஃபிய்யா உம்மாவின் கல்லுக்குக் காற்று எடை மட்டும் இருக்கிறது. தண்ணி எடைக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த வாரம்தான் அவர்களைக் கொண்டுபோன காய்ச்சல் வந்தது.

அவர்கள் விட்ட இடத்தை நான் நிரப்பலாம் என்று தோன்றியது. நான் ஐந்தாவது வரை படித்தவள். வகுத்தல் கணக்கு வரும். ஜீனத்தின் விஞ்ஞானப் புத்தகத்திலும் இது இருக்கிறது, அடர்த்தி என்ற பாடத்தில். மூன்று முறை வாசித்ததும் புரிந்துவிட்டது. தண்ணீருக்குள் போன பொருள், தன் பருமன் அளவுக்குத் தண்ணீரை ஒதுக்குகிறது. ஒதுக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு இளைத்துப்போகிறது. காற்று எடையை அந்த இளைப்பால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண் கல்லின் சாதி. நீலம் என்றால் நான்கு. நீலம் மாதிரியே வேடம் போடும் செயற்கைக் கல் என்றால் மூன்று புள்ளி ஆறை ஒட்டி வரும். பளிங்கு இரண்டு புள்ளி ஆறு ஐந்து.

நோட்டில் முறையும் இருக்கிறது. முதல் வரி: 'சீயக்காய்த் தண்ணீரில் கல்லைக் கழுவு.' இரண்டாவது: 'கொதித்து ஆறிய தண்ணீர் எடு.' மூன்றாவது: 'தராசுத் தட்டின் அடிக் கொக்கியில் நூல் கூடு தொங்கவிட்டு, அதில் கல்லை வை. கூட்டின் எடையைக் கழி.'

கூட்டை நானே ஊசியால் பின்னினேன். ஓதி எண்ணும் தஸ்பீஹ் மாலையின் மணி பளிங்கு. நூல் அறுந்தபோது கழன்ற மணி ஒன்று இருந்தது. பரீட்சைக்கு அதை வைத்தேன். காற்றில் 5.30. தண்ணீரில் 3.30. இளைப்பு 2.00. வகுத்தால் 2.65.

நோட்டில் உள்ளது அப்படியே வந்தது! முற்றத்தில் தனியாக நின்று சிரித்தேன். நாற்பத்து மூன்று நாளில் முதல் தடவை.

24 பிப்ரவரி, வெள்ளி

பிஸ்மி சொல்லி அமானிதக் கல்லை எடுத்தேன். நோட்டின் முதல் வரியை மட்டும் செய்யவில்லை. அடுத்தவர் பொருள், அதுவும் மஹர். சீயக்காய் போட எனக்கு என்ன உரிமை? நிறம் மங்கினால் யாரிடம் போய்ப் பதில் சொல்வது? மற்றதெல்லாம் முறைப்படி.

காற்றில் 7.20.

தண்ணீரில் 5.23.

இளைப்பு 1.97. வகுத்தேன். மறுபடி வகுத்தேன். ஜீனத்தை வகுக்கச் சொன்னேன்.

"மூணு புள்ளி ஆறு அஞ்சு உம்மா. நாலு வரணும்ல?"

"ஆமா."

"அப்ப இது…"

"வாய மூடு."

26 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று 3.71. இன்று 3.62. நான்கைத் தொடவே இல்லை.

கல்லை மாற்றியது யார்? எழுதவே கை வரவில்லை. பெட்டியைத் திறந்தவர்கள் பெயரை முதல் நாளே எழுதி வைத்திருக்கிறேன். கல்லைத் தொட்டவர் ஒருவர்தான். ஜன்னல் பக்கம் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றவர். கல் வியாபாரி, 7.20க்கு ஒத்த இன்னொரு கல் தேட அவருக்குக் கஷ்டமில்லை.

ஒருவேளை அவர் இல்லை என்றால்? அதற்கு முன்னால் அந்தக் கல்லைத் தொட்டது, காகிதத்தில் எழுதியது...

இல்லை. ஸாலிஹ்தான்.

28 பிப்ரவரி, செவ்வாய். நாற்பத்தெட்டாம் நாள்

ஸாலிஹ் சாளை மீன் கொண்டுவந்தார். ஜீனத்திடம் சொல்லிக் கேட்கவைத்தேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சாச்சப்பா, நீலக்கல்லு மாதிரியே வேற கல்லு ஈக்கிதாமே. உங்கள்ட்ட ஈக்கிதா?"

"ஈக்கிதே. ஒனக்கு எதுக்குடி?"

"ஸ்கூல்ல கேட்டாங்க."

"ஸ்கூல்ல கல்லு யாவாரமா சொல்லித் தாராங்க? வாத்தியாரு சம்பளம் பத்தலையா?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. கதவை அவர் பார்ப்பது எனக்கு இந்தப் பக்கம் தெரிந்தது.

அவர் வைத்துவிட்டுப் போன மீனைப் பூனைக்குப் போடச் சொன்னேன். ஜீனத் போடவில்லை, ஆணம் வைத்தாள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

3 மார்ச், வெள்ளி. ஐம்பத்தொன்றாம் நாள்

ஜும்ஆ முடிந்து ஸாலிஹ் நேராக இங்கே வந்தார். உள்ளே வரவில்லை. கதவின் அந்தப் பக்கம் நின்றார்.

"மச்சி, ஜீனத்து அன்னைக்கி கேட்டது அவட கேள்வி இல்ல. உங்கட கேள்வி. நேரா கேளுங்க."

நேராகவே கேட்டேன். "பெட்டி தொறந்த அன்னைக்கு ஜன்னல் பக்கம் போயி ஏன் முதுகக் காட்டி நின்னீங்க?"

அவர் செருப்பு படியில் உரசுவது கேட்டது.

"தண்ணி எட போட்டேன். மூணு நாளு. நீலத்துக்கு நாலு வரணும். இது மூணே முக்காலத் தாண்டல."

"அப்ப நான் மாத்திட்டேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாமச் சொல்றதுக்குத்தானே கதவு ஈக்கிது." குரல் உடைந்திருந்தது. "மச்சி, நான் அன்னைக்கிக் கல்லையே பாக்கல. காகிதத்துல காக்காட கையெழுத்தப் பாத்தேன். 'மர்ஹூம்'னு எழுதிருந்தாஹ, மவுத்தாப்போன வேற ஒருத்தரப் பத்தி. எழுதுன கையும் இப்ப மர்ஹூம். கண்ணு நெறஞ்சிடுச்சு. நாலு பேரு முன்னால அழுவுறதுக்கு வெக்கமா இருந்துச்சு. அதுக்குத்தான் திரும்பி நின்னேன். போதுமா?"

அவர் போன சத்தம் கேட்டது. நான் அங்கேயே நின்றேன். அழுகை எல்லாருக்கும் வரும், கல் திருடியவனுக்கும் வரும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

8 மார்ச், புதன்

மீன் வரவில்லை. ஐந்தாம் நாள். முருங்கைக்கீரை.

12 மார்ச், ஞாயிறு. அறுபதாம் நாள்

ஜீனத் ஓதப்போய்த் திரும்பும்போது ஸாலிஹ் முடுக்கில் நிறுத்தி ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தாராம். உள்ளே நீலக்கல். அவர் மோதிரத்துக் கல். விரலில் பல முறை பார்த்திருக்கிறேன், திரைச் சந்து வழியாக. முதல் சம்பாத்தியத்தில் அவர்கள் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தது. கலியாணத்தன்றுகூடக் கழற்றவில்லை.

"சாச்சப்பா என்ன சொன்னாஹ?"

"'பேருவளைக்கு இதக் கொடுத்துரச் சொல்லு. கொஞ்சம் சின்னது, ஆனா நெசம். காக்கா கபுருல நிம்மதியா இருக்கட்டும்'னு சொன்னாஹ." ஜீனத் என்னை முறைத்தாள். "விரலுல வெள்ளையா தடம் ஈக்கிது உம்மா. மோதிரம் இருந்த எடம்."

குற்றம் செய்தவன்தான் இப்படி ஈடு கொடுப்பான் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வெளியே போய் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்க எனக்கு வழியில்லை. முற்றத்துக்குப் பதினான்கு எட்டு. அடுப்படிக்கு ஒன்பது.

13 மார்ச், திங்கள்

ஸாலிஹின் கல். காற்றில் 5.60. தண்ணீரில் 4.20. இளைப்பு 1.40. வகுத்தால் 4.00.

நீலம். ஒரு மயிரிழை பிசகில்லை.

நாளுக்கு ஓர் எண்ணாக மூன்று எண் சொன்ன கல்லும், ஒரே தடவையில் நேராகச் சொன்ன கல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நாளை மறுநாள் ரியாஸ் வருவார். இந்தக் கல்லைக் கொடுத்தால் அது ஸஃபிய்யா உம்மாவின் மஹர் இல்லை. அந்தக் கல்லைக் கொடுத்தால் அவர்கள் பெயர் பேருவளை முழுக்க நாறும். ஸாலிஹ் கல்லையே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

14 மார்ச், செவ்வாய். அறுபத்திரண்டாம் நாள்

எல்லாவற்றையும் எழுதுகிறேன். எதையும் விடப்போவதில்லை.

காலையில் ஜீனத் கேட்டாள்: "உம்மா, ஒரு கல்லு நாளுக்கு நாளு எப்புடி மாறும்? மாத்துன கல்லா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு எண்ணு ஈக்குமில்லியா? மூணு நாளு மூணு எண்ணு வருது. கல்லு பொய் சொல்லலாம். ஆனா ஒரே பொய்தானே சொல்லணும்?"

பதினோரு மணி வெளிச்சத்தில் இரண்டு கண்ணாடிக் குவளை வைத்தோம். ஒன்றில் ஸாலிஹ் கல், புதுக் கூட்டில். அவர் கல்லுக்கென்று வேறு கூடு பின்னியிருந்தேன். இன்னொன்றில் அமானிதக் கல், பழைய கூட்டில். பழைய கூட்டை நான் பெட்டியிலேயே, பஞ்சுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

ஸாலிஹ் கல்லைத் தண்ணீர் உடனே மூடிக்கொண்டது. அமானிதக் கல்லில் தண்ணீர் ஒட்டவில்லை; சேம்பிலையில் உருள்வதுபோல் விலகியது. ஜீனத் முழங்காலில் உட்கார்ந்து குவளையைப் பக்கவாட்டில் பார்த்தாள். "உம்மா, இங்க பாருங்க." கல்லுக்கு அடியிலும் நூல் கூட்டின் கண்களிலும் வெள்ளி மணிபோலக் காற்றுக் குமிழ்கள். பெரியதும் சிறியதுமாக ஏழெட்டு. அவை கல்லைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் பிடித்திருந்தன. தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு, மயில் கழுத்து நிறத்தில்.

எண்ணெய்.

ஜீனத் குவளைக்கு மேல் குனிந்தாள். முகர்ந்தாள். அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர்.

"உம்மா," என்றாள். "தண்ணிக்குள்ள வாப்பா ஈக்கிறாஹ."

ஜனவரி 23ஆம் தேதி, கல் உரசாமல் இருக்கப் பஞ்சு வைத்தேன் என்று எழுதியிருக்கிறேன். கல் உரசாமல் இருக்கக் காகிதம் போதும். அது அவர்களைக் குளிப்பாட்டிக் கபன் உடுத்தியபோது அத்தர் தோய்த்த பஞ்சு. மீந்ததில் ஒரு துண்டு. இத்தாவில் வாசனை கூடாது என்று எழுதிய அதே பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறேன். கல்லை எண்ணினேன், எண்ணினேன் என்று எத்தனை நாள் எழுதியிருக்கிறேன்! பத்துக் கல்லை எண்ண எத்தனை முறை பெட்டி திறக்க வேண்டும்?

ஜீனத் என்னைக் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சீயக்காய் கரைத்துக்கொண்டு வந்தாள்.

கல்லைக் கழுவினோம். நிறம் மங்கவில்லை. கூட்டையும் கழுவினோம். புதுத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைத்தோம். பள்ளிவாசலில் அஸர் வாங்கு சொல்லும்போது எடை போட்டேன்.

காற்றில் 7.20. தண்ணீரில் 5.40. இளைப்பு 1.80.

4.00.

அவர்கள் விட்டுவைத்த இடத்தில் எழுதினேன். என் எழுத்து அவர்கள் எழுத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரியதாக இருக்கிறது.

15 மார்ச், புதன். அறுபத்து மூன்றாம் நாள்

காலை பத்து மணிக்கு ரியாஸ் வந்தார். மூஸா ஹாஜியார் சாட்சி நின்றார். ஜீனத் கொடுத்தாள். கல்லோடு ஒரு துண்டுக் காகிதம்: இரண்டு எடையும், வகுத்த எண்ணும். ரியாஸ், "லாத்தா இத வாசிச்சிட்டு ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்க," என்றாராம் அக்காவை நினைத்து. வியாபாரிகள் வீட்டில் தண்ணி எடை எழுதித் தரும் பெண்ணை அவர் பார்த்ததில்லையாம்.

கயிறு அவிழ்ந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இன்னொரு கழுத்தில் நானே ஒன்றைக் கட்டியிருக்கிறேன்.

மாலை ஹலீமா மாமி இரண்டு புதுப் பெண்களோடு வந்தார். வாசம் பார்க்கத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"மாமி, அது கராமத்தும் இல்ல, அற்புதமும் இல்ல. அத்தரு. நான் பஞ்சுல வச்சிருந்தேன்."

புதுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமி இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"ஏன் புள்ள, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நான் பதினாலு வீட்டுல சொல்லிட்டேனே! இனி எங்க மூஞ்சிய வைக்கிறது?" கொஞ்ச நேரம் புகைந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க மாமியாருக்கு நின்னுச்சுன்னு சொன்னேன்ல. எங்க மாமனாரு தலவாணிக்குள்ள குப்பியே வச்சிருந்தாரு. ஆம்புளைக்கு இத்தா இல்ல, யாரும் கேக்கல."

வெற்றிலையை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

16 மார்ச், வியாழன். அறுபத்து நான்காம் நாள்

ஸாலிஹுக்கு எழுதியது. ஜீனத் கையில் கொடுத்தனுப்பும் முன் இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்.

"ஸாலிஹ் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இத்துடன் உங்கள் மோதிரக் கல் இருக்கிறது. 5.60 கேரட், குறையவில்லை. ஸஃபிய்யா உம்மாவின் கல் நேற்று ரியாஸிடம் போய்விட்டது. அது நீலம்தான். முதல் நாளிலிருந்தே நீலம்தான். நீங்கள் அதை மாற்றவில்லை. உங்கள் காக்காவும் மாற்றவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களைக் குற்றவாளி ஆக்கியது, வேறொருவரை ஆக்கப் பயந்துதான்.

எண் தப்பியதற்குக் காரணம் நான். உங்கள் காக்காவின் அத்தர் தோய்ந்த பஞ்சைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எண்ணெய் பட்ட கல்லில் தண்ணீர் ஒட்டாது, காற்று ஒட்டிக்கொள்ளும். நோட்டில் முதல் வரியே கழுவச் சொல்கிறது. பிறர் பொருளைக் கழுவ உரிமை இல்லை என்று பேணுதலாக இருந்தேன். பிறர் மானத்தைத் தொட அந்தப் பேணுதல் எனக்கு இல்லை.

இத்தாவின் ஒழுங்கை மீறியதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் செய்ததை நீங்கள் பொறுத்தால்தான் அவனும் பொறுப்பான். நான் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்க இன்னும் அறுபது நாளுக்கு மேல் இருக்கிறது. அதுவரை இந்தப் பாரத்தோடு பதினான்கு எட்டு நடந்துகொண்டிருக்க என்னால் முடியாது.

பஞ்சு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வாசம் அநேகமாகப் போய்விட்டது. அதை எரிக்கவா, கபுரடியில் புதைக்க உங்களிடம் கொடுத்தனுப்பவா என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னபடி செய்கிறேன்.

நீங்கள் மீன் கொண்டுவர வேண்டாம். கதவுக்கு வந்து நிற்கவும் வேண்டாம். பொறுத்தேன், பொறுக்கவில்லை, இரண்டில் ஒரு வார்த்தையை ஜீனத்திடம் சொல்லி அனுப்புங்கள். நாளை ஜும்ஆவுக்கு முன்னால் பதில் வேண்டும்.

மச்சி சுலைஹா."